ரேடியேட்டர் ஷட்டரா, கடிகாரமா: எந்தப் போர் விமான சிமுலேட்டரைத் தேர்ந்தெடுப்பது?

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் வயலில் ஓடிக்கொண்டிருந்த ஆயில் எஞ்சினுக்கு வெப்பமானி எதுவும் கிடையாது. பம்பு இறைக்கும் தண்ணீரிலிருந்தே ஒரு சிறு குழாய் பிரிந்து, சிலிண்டரைச் சுற்றிப் போய்ச் சூடேறி, மறுபக்கம் வாய்க்காலில் விழும். அந்தத் தண்ணீரில் என் தந்தை விரலை வைத்துப் பார்ப்பார். கை பொறுக்கும் சூடாக இருந்தால் சரி. பொறுக்காத சூடென்றால் குழாயில் பாசியோ மணலோ அடைத்திருக்கிறது. சில்லென்று இருந்தாலும் சரியில்லை, எஞ்சின் டீசலைக் குடித்துவிட்டுப் புகையைத்தான் கக்கும். எஞ்சினுக்குச் சூடு கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு என்பதை நான் பாடப் புத்தகத்துக்கு முன்பாகவே அந்த வாய்க்கால் கரையில் தெரிந்துகொண்டேன்.

தஞ்சாவூரில் இயந்திரப் பொறியியல் படிக்கும் என் தமக்கையின் மகன் சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வந்தான். "மாமா, இரண்டாம் உலகப் போர் விமானங்களைக் கணினியில் ஓட்டுவதற்கு ஒரே ஒரு சிமுலேட்டரைத்தான் வாங்க முடியும், எஞ்சின் சூட்டையும் ரேடியேட்டரையும் உள்ளது உள்ளபடி காட்டுவது எது?" 2020 ஜனவரியில் தஞ்சை விமானப்படைத் தளத்தில் சுகோய்-30 படையணி வந்து சேர்ந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜெட் விமானத்தின் மீதுதான் மோகம் என்பதால், அவன் பழைய பிஸ்டன் எஞ்சினைப் பற்றிக் கேட்டதே எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. ஜெட் எஞ்சினுக்கும் வெப்ப வரம்பு உண்டு. ஆனால் எஞ்சின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் ரேடியேட்டரும், அதனூடே காற்று பாய விமானி கையால் திறந்து மூட வேண்டிய ஷட்டரும் அதில் இல்லை. ஆகவே இந்த ஒப்பீடு பிஸ்டன் விமானங்களோடு நின்றுகொள்கிறது.

சிமுலேட்டர்களைத் தராசில் வைப்பதற்கு முன்பு எதை எடை போடுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சுழல்விசிறிக்குப் போகிறது. மற்றொரு பங்கு புகைபோக்கி வழியாகவும், எஞ்சிய பங்கு குளிர்விக்கும் நீர், எண்ணெய், காற்று ஆகியவற்றின் வழியாகவும் வெளியேறுகிறது. ஆயிரம் குதிரைத்திறன் கொண்ட எஞ்சினில் இந்த மூன்றாவது பங்கு எவ்வளவு பெரியது என்று யோசித்தால், இறக்கைக்கடியில் ரேடியேட்டர் என்ற அத்தனை பெரிய பெட்டியை ஏன் தொங்கவிட்டார்கள் என்பது விளங்கும். அந்தப் பெட்டி எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பதை அதனூடே பாயும் காற்றின் அளவும், காற்றின் அடர்த்தியும், நீருக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாடும் முடிவு செய்கின்றன. செங்குத்தாக மேலேறும்போது எஞ்சின் முழு வலுவில் ஓடுகிறது, ஆனால் வேகம் குறைவாக இருப்பதால் ரேடியேட்டருக்குள் காற்று போதுமான அளவு புகுவதில்லை. பாய்ந்திறங்கும்போது நிலைமை தலைகீழாகி, வலு குறைந்த எஞ்சினைக் காற்று வேகமாகக் குளிரடித்துவிடுகிறது. மேலே போகப் போக 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் காற்று குளிர்ந்தாலும், அடர்த்தியும் குறைவதால் அந்த ஆதாயம் முழுமையாகக் கைக்கு வருவதில்லை.

ஷட்டரை எப்போதும் திறந்தே வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். திறந்த ஷட்டர் காற்றை எதிர்த்து நிற்பதால் வேகம் குறையும். துரத்தி வரும் எதிரிக்கு அந்த வேகக் குறைவே போதும். விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ரேடியேட்டரில் சூடேறிய காற்றைக் குறுகிய வாய் வழியாகப் பின்னோக்கி வெளியேற்றினால், இழந்த உந்துவிசையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்று பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் பணியாற்றிய மெரிடித் 1935-ஆம் ஆண்டில் காட்டினார். அந்தத் தத்துவத்தை மிகச் சிறப்பாகப் பயன்படுத்திக்கொண்ட விமானமாகப் பி-51 முஸ்டாங்கையே சொல்வார்கள். அதன் வயிற்றுக்கடியில் உள்ள நீண்ட காற்றுக்குழல் அதற்காகவே அமைந்தது. மற்ற பெரும்பாலான விமானங்களில் திறந்த ஷட்டருக்கு விமானி கொடுக்கும் விலை மிக வெளிப்படையானது.

எனவே நான் பார்த்தது மூன்று விஷயங்களை. ஷட்டரைத் திறந்தால் சிமுலேட்டர் வேகத்தில் அதற்கான விலையை வாங்குகிறதா? சூடு உடனே தாவாமல், தாமதித்து ஏறித் தாமதித்து இறங்குகிறதா? கல்லணையில் ஷட்டரைத் தூக்கிய அன்றே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது என்பதைப் போல, ரேடியேட்டரைத் திறந்த நொடியிலேயே வெப்பமானியின் முள் இறங்கிவிடக் கூடாது. மூன்றாவதாக, எஞ்சின் இறுதியில் சூட்டால் சாகிறதா, நேரக் கெடு வைக்கும் கடிகாரத்தால் சாகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் சிமுலேட்டர்கள் பெரிதும் வேறுபடுகின்றன.

ஐஎல்-2 1946 என்ற பழைய சிமுலேட்டரை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். அதில் ரேடியேட்டருக்கு மூடியது, 2, 4, 6, 8, திறந்தது என்று படிப்படியான நிலைகள் உண்டு. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானதும் திரையில் எச்சரிக்கை வரும், அதைக் கண்டுகொள்ளாவிட்டால் சற்று நேரத்தில் எஞ்சின் பழுதாகும். அலுவலக மடிக்கணினியிலும் ஓடும் என்பது அதன் பெரும் தகுதி. இன்றைக்கு ஒருவன் சூட்டைக் கற்றுக்கொள்ள அதை வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கைஜின் நிறுவனத்தின் வார் தண்டர் இலவசம் என்பதாலேயே நம் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது. பலரும் அறியாத ஒன்று, அதிலும் எஞ்சினைக் கையால் கட்டுப்படுத்தும் முறை ஒன்று இருக்கிறது என்பது. அதை இயக்கினால் ரேடியேட்டரைச் சதவீதக் கணக்கில் திறக்கவும் மூடவும் முடிகிறது, திறந்தால் வேகமும் குறைகிறது. ஆனால் இயல்பாக எல்லாவற்றையும் விளையாட்டே பார்த்துக்கொள்கிறது. பந்தயம் போன்ற குறுகிய சண்டைகளில் சூட்டை விட எதிரியின் குறியே முதலில் வந்து சேர்ந்துவிடுவதால், ரேடியேட்டரைப் பற்றி யோசிக்கும் பொறுமை எவருக்கும் வாய்ப்பதில்லை. ஏற்கெனவே அதை வைத்திருப்பவன் கைமுறையை இயக்கி ஒரு வாரம் பறந்து பார்க்கலாம். இதற்காக மட்டும் புதிதாக அதில் இறங்கத் தேவையில்லை.

உண்மையான தேர்வு மீதமுள்ள மூன்றுக்குள்தான்: 1சி கேம் ஸ்டூடியோஸின் ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ், 2011-இல் வந்து பின்னர் டீம் ஃப்யூஷன் குழுவால் சீரமைக்கப்பட்ட கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் பிளிட்ஸ், ஈகிள் டைனமிக்ஸின் டிசிஎஸ் வேர்ல்ட்.

கிரேட் பேட்டில்ஸில் தொடங்குகிறேன், ஏனென்றால் என் தமக்கை மகன் மனத்தளவில் அதைத்தான் ஏற்கெனவே வாங்கியிருந்தான். ஸ்டாலின்கிராடில் தொடங்கி மாஸ்கோ, குபான், போடன்பிளாட்டே, நார்மண்டி என்று விரிந்த இந்தத் தொடரில் ஒவ்வொரு விமானத்தின் குளிர்விப்பு அமைப்பும் அதன் சரித்திர வடிவத்தை ஒட்டியே இருக்கிறது. ஜெர்மானிய மெசர்ஷ்மிட் 109-இன் எஃப் வகையில் ரேடியேட்டர் தானாகவே இயங்கும்; விமானி விரும்பினால் மட்டும் கையில் எடுத்துக்கொள்ளலாம். எதிரணியில் சோவியத்தின் யாக்-1, லாக்-3 போன்றவற்றில் நீர் ரேடியேட்டர் தனி, எண்ணெய் ரேடியேட்டர் தனி, இரண்டும் விமானியின் பொறுப்பு. ஒரே சண்டையில் ஒருவன் எதிரியை மட்டும் பார்க்கிறான், மற்றவன் எதிரியையும் இரண்டு முட்களையும் பார்க்கிறான். 1942-இல் இருந்த ஏற்றத்தாழ்வை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

இந்தத் தொடரிலுள்ள ஐஎல்-2 என்ற சோவியத் தாக்குதல் விமானத்தில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. அதன் எண்ணெய் ரேடியேட்டருக்குக் கவசத் தகடு போட்ட ஷட்டர் இருக்கிறது. தரையிலிருந்து சுடும் பீரங்கிகளை நோக்கி இறங்கும்போது விமானி அதை மூடிக்கொள்வார், தாக்குதல் முடிந்ததும் மறக்காமல் திறப்பார். மூடியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எண்ணெய் சூடேறிக்கொண்டே போகிறது. குண்டுக்குப் பயந்து மூடியதைத் திறக்க மறந்து எஞ்சினை நானே இரண்டு முறை கொன்றிருக்கிறேன்.

குறை எங்கே இருக்கிறது என்றால், கடிகாரத்தில். இந்தத் தொடரில் எஞ்சினின் அதிவலு நிலைகளுக்கு நேரக் கெடு வைத்திருக்கிறார்கள். மெசர்ஷ்மிட் எஃப்-4 விமானத்தில் அவசர வலுவுக்கு ஒரு நிமிடம், போர் வலுவுக்கு முப்பது நிமிடம் என்பது அதன் குறிப்பட்டையிலேயே எழுதப்பட்டிருக்கும். கெடு தாண்டினால், நீரும் எண்ணெயும் குளுகுளுவென்று இருந்தாலும் எஞ்சின் சேதமடையத் தொடங்கும். இந்தக் கெடுக்கள் அந்தக் கால விமானப்படைக் கையேடுகளிலிருந்து எடுத்தவை என்பது உண்மையே; ஆனால் கையேட்டை எழுதியவர்கள் எஞ்சின் பல நூறு மணி நேரம் உழைக்க வேண்டும் என்று எண்ணி எழுதினார்கள், ஒரு நிமிடம் கழிந்த மறுநொடி அது உடைந்துவிடும் என்று எழுதவில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. நீர்மட்டம் போதாத ஆண்டில் அந்த நாள் வந்தும் அணை திறப்பதில்லை, மட்டம் நிரம்பிய ஆண்டில் முன்னதாகவே திறந்ததும் உண்டு. நாளை மட்டும் பார்த்து மட்டத்தைப் பார்க்காமல் ஷட்டரைத் தூக்குகிற பொறியாளரைப் போலத்தான் இந்தக் கடிகாரம் நடந்துகொள்கிறது. பி-40 போன்ற அமெரிக்க விமானங்களை விரும்புவோர் இதைப் பற்றிப் புலம்பாத நாளில்லை.

இதற்கு ஒரு நல்ல விலகல் யாக்-1. அதன் எம்-105பிஎஃப் எஞ்சினுக்கு அதிவலு நிலை எதுவும் கிடையாது; முழு வலுவிலேயே கெடுவின்றி ஓடலாம் என்பதால், அதைக் கொல்ல ஒரே வழி சூடு மட்டுமே. கிரேட் பேட்டில்ஸை ஒருவன் குளிர்விப்புக்காக வாங்குவதாக இருந்தால், அவன் மெசர்ஷ்மிட்டைத் தொடாமல் யாக்-1-இல் ஏறி, ஸ்டாலின்கிராட் களத்தின் பனிக்காலத்தில் ஒரு நாளும் கோடையில் ஒரு நாளும் பறந்து பார்க்க வேண்டும். ஷட்டரை எந்தச் சதவீதத்தில் வைத்தோம் என்பதைத் திரையின் ஓரத்தில் எழுத்தாகக் காட்டும் வசதியை அணைத்துவிட்டு, முள்ளை மட்டும் நம்பிப் பறப்பது இன்னும் உத்தமம்.

கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் வேறொரு காலத்தில் நிற்கிறது; அந்தக் காலமே அதன் பலம். 1940-இன் விமானங்களில் தானியங்கி என்ற சொல்லுக்கு அதிக வேலை இல்லை. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் முதல் வகையில் வலது இறக்கைக்கடியில் நீர் ரேடியேட்டர், இடது இறக்கைக்கடியில் எண்ணெய்க் குளிர்விப்பான். ரேடியேட்டரின் ஷட்டரான மடலை விமானி இடப்பக்கத்து நெம்புகோலால் இயக்க வேண்டும். ஹரிகேனுக்கு வயிற்றுக்கடியில் ஒரே பெட்டி. மெசர்ஷ்மிட்டின் இ வகைகூட இங்கே கைமுறைதான். தன் வழிவந்த எஃப் வகையின் சொகுசு அதற்குக் கிடைக்கவில்லை. எஞ்சினைக் கிளப்பியதும் எண்ணெய் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் நீர் கொதிக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஸ்பிட்ஃபயர் தரையில் நிற்கும்போது அதன் வலது சக்கரக் கால் ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறைத்துக்கொண்டிருப்பதால், ஓடுபாதையின் முனையில் வரிசையில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் முள் மேலேறுவதைக் காணலாம். நம் ஊர் மூன்று சக்கர வண்டிகள் ரயில்வே கேட்டில் நின்று உறுமுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சேதத்தின் விளைவும் சூட்டோடு பிணைந்திருக்கிறது. ரேடியேட்டரில் ஒரு குண்டு துளைத்தால் கூலண்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவம் கசிந்து வெண்புகையாகத் தெரியும். நீரின் அளவு குறையக் குறையச் சூடு ஏறும். விமானி வலுவைக் குறைத்து ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி வீடு சேர முடியுமா என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்குத்தான் இந்தச் சிமுலேட்டரில் எனக்குப் பிடித்த பகுதி. ஸ்பிட்ஃபயரில் இருந்த மெர்லின் எஞ்சின்களின் தொடக்கக் கால வகைகளில் கூலண்டாக இருந்தது ஏறக்குறைய முழுக்கக் கிளைக்கால்; அது நீரைவிட மிக உயர்ந்த வெப்பத்தில் கொதித்தாலும், நீர் சுமக்கும் அளவு வெப்பத்தை அதனால் சுமக்க இயலாது. ஸ்பிட்ஃபயர் இரண்டாம் வகையின் மெர்லின் முதற்கொண்டு 70 சதவீதம் நீரும் 30 சதவீதம் கிளைக்காலும் கலந்து, அழுத்தத்தோடு அடைத்துப் பயன்படுத்தினார்கள். இரண்டு வகைகளையும் அடுத்தடுத்துப் பறந்து பார்க்கும் வாய்ப்பு இங்கே இருக்கிறது. 2020-இல் வந்த டோப்ருக் விரிவாக்கம் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தைச் சேர்த்தது; மே மாதத்து டெல்டா வெயிலில் மாடியறையில் அமர்ந்து அதை ஓட்டினால் விமானம், விமானி, கணினி மூன்றும் ஒரே நிலையில் இருக்கும்.

அதன் குறைகளை மறைப்பதற்கில்லை. பழைய வரைகலை, சிக்கலான அமைப்புப் பக்கங்கள், புதியவனை வரவேற்காத முகம். முதல் வாரம் முழுவதும் விசைப்பலகையில் எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்று அமைப்பதிலேயே போய்விடும்.

டிசிஎஸ் இந்த மூன்றில் மிக ஆழமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதில் கூலண்ட், எண்ணெய், ரேடியேட்டர் ஆகியவை ஒன்றோடொன்று வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும் அமைப்பாகவே கணக்கிடப்படுகின்றன. காற்றின் வெப்பநிலையை மாற்றிவிட்டு அதே ஏற்றத்தை மீண்டும் செய்தால் முள் வேறு இடத்தில் நிற்கிறது. பி-51டி விமானத்தின் கூலண்ட் 100 முதல் 110 டிகிரிக்குள் இருக்க வேண்டும், 121-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அபாயமணி அடித்து எச்சரிக்க அங்கே யாரும் இல்லை. விமானி தானாகப் பார்த்திருக்க வேண்டும். குறைந்த வேகத்தில் முழு வலுவோடு மேலே இழுத்துக்கொண்டே போனால், எஞ்சின் முதலில் கரகரத்து, பிறகு இறுகி நின்றுவிடுகிறது.

ஆனால் இங்கேதான் என் தமக்கை மகன் எதிர்பாராத திருப்பம் இருந்தது. டிசிஎஸ்ஸில் உள்ள உலகப்போர் விமானங்களில் பெரும்பாலானவை போரின் இறுதிக் காலத்தவை. 1944-இன் பொறியாளர்கள் ரேடியேட்டர் கவலையை விமானியிடமிருந்து வாங்கி, சூட்டைப் பார்த்துத் தானாக இயங்கும் தெர்மோஸ்டாட்டிடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்பிட்ஃபயரின் ஒன்பதாம் வகையில் கூலண்ட் 115 டிகிரியை எட்டியதும் மடல் தானாகத் திறக்கும். விமானிக்குக் கிடைப்பது தரையில் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் மட்டுமே. மெசர்ஷ்மிட் கே-4, ஃபோக்க-வுல்ஃப் டி-9, முஸ்டாங் எல்லாமே தானியங்கி. அதாவது, வெப்பத்தை மிகத் துல்லியமாகக் கணக்கிடும் சிமுலேட்டரில்தான் ரேடியேட்டருக்காக விமானி செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. இதை அந்தச் சிமுலேட்டரின் குறையாகக் கொள்வது தவறு, சரித்திரமே அப்படித்தான் நடந்தது. ஆயினும் கையால் ஷட்டரைத் திறந்து மூடும் ஆசையோடு வருகிறவனுக்கு ஏமாற்றம் நிச்சயம்.

அங்கேயும் இரண்டு வழிகள் உண்டு. பி-47டி விமானம் காற்றால் குளிர்விக்கப்படும் 18 சிலிண்டர் எஞ்சின் கொண்டது. ரேடியேட்டர் இல்லையே என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. எஞ்சின் உறையின் மடல்கள், எண்ணெய்க் குளிர்விப்பானின் கதவுகள், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரின் கதவுகள் என்று மூன்றையும் விமானி பார்க்க வேண்டும். சிலிண்டர் தலையின் வெப்பம் 260 டிகிரியைத் தாண்டாமல் காக்க வேண்டும். மற்றொரு வழி சோவியத்தின் ஐ-16. சிறிய, முரட்டுத்தனமான அந்த விமானத்தில் எஞ்சினுக்கு முன்னுள்ள ஷட்டரை விமானியே இயக்க வேண்டும்.

காசு, கணினி ஆகியவற்றையும் சொல்லாமல் விட முடியாது. டிசிஎஸ் நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்கும், 32 ஜிபி ரேம் இருந்தால்தான் நிம்மதியாக ஓடும். எங்கள் ஊரில் இணைய வேகம் இருக்கும் இருப்புக்கு முழுவதையும் இறக்க மூன்று இரவுகள் ஆகின. மற்ற இரண்டும் இந்த வகையில் இரக்கமுள்ளவை. ஆனால் டிசிஎஸ்ஸோடு டிஎஃப்-51டி என்ற ஆயுதமில்லாத முஸ்டாங் இலவசமாகவே வருகிறது. துப்பாக்கி இல்லையே தவிர, எஞ்சினும் ரேடியேட்டரும் அதே முஸ்டாங்கினுடையவை. காக்கசஸ் களமும் வெப்பமண்டலத்து மரியானா தீவுகளும் இலவசமே. காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன்பு செய்து பார்க்க இதைவிட நல்ல சோதனைச்சாலை இல்லை.

நாங்கள் செய்ததும் அதுதான். மரியானா களத்தில் டிஎஃப்-51டி விமானத்தின் கூலண்ட் ஸ்விட்சைத் தானியங்கியிலிருந்து எடுத்து, 'மூடு' பக்கம் பிடித்துக் கதவை முழுக்க மூடிவிட்டு, எழும்பியதும் ஏறச் சொன்னேன். அவன் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியதைக் கவனிக்கவில்லை. எஞ்சின் நின்ற பிறகு இரண்டாவது முறை, கோட்டை நெருங்கும்போதே கதவைத் திறந்தான். ஆனால் முள் உடனே இறங்காததைக் கண்டு பதறி முழுக்கத் திறந்தான், சிறிது நேரத்தில் அளவுக்கு மீறிக் குளிர்ந்தது. மூன்றாவது முறை, ஏறத் தொடங்குவதற்கு முன்பாகவே பாதி திறந்துவிட்டு ஏறினான். அது போதும் என்று நிறுத்திக்கொண்டோம்.

என் முடிவு இதுதான். சூட்டின் இயற்பியலைப் படிக்க விரும்பும் மாணவனுக்கு டிசிஎஸ்ஸின் இலவச முஸ்டாங்கே போதும். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், அதில் அடுத்த விமானம் பி-47 ஆக இருக்கட்டும். ரேடியேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு போரிடும் பதற்றம் வேண்டும் என்பவனுக்குக் கிளிஃப்ஸ் ஆஃப் டோவர், அதன் அத்தனை சலிப்புகளோடும். நல்ல படம், நல்ல சண்டை, வேண்டிய அளவு சூடு, நண்பர்களோடு ஒரு மாலை நேரம் என்று கேட்பவன் கிரேட் பேட்டில்ஸை வாங்கி யாக்-1-இல் ஏறலாம். கடிகாரத்தோடு சமாதானம் செய்துகொள்ள முடியாதவன் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

தமக்கை மகன் கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் பிளிட்ஸைத் தள்ளுபடி வரும்போது வாங்குவதாகச் சொல்லி, கிரேட் பேட்டில்ஸைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டான். ரேடியேட்டருக்குப் பொத்தானை அமைப்பதா, சுழற்றும் குமிழை அமைப்பதா என்பதில் மட்டும் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பொத்தான் என்றால் ஷட்டர் எந்த அளவில் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்; குமிழ் என்றால் விரலுக்கே தெரியும் என்பது என் கட்சி.